சப்பாத்து தைப்பவரின் மகள்

கிளாருஸ், சுவிற்சர்லாந்து
மார்ச் 14

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மருந்துத் துளிகளை நேரம் தவறாமல் விடு. ஒரு மாதத்துக்குக் குனிந்து பாரம் தூக்காதே. பின்வளவில் தேங்காய் விழுந்தால் விழுந்தபடி கிடக்கட்டும்.

என் புதினம் ஒன்றுதான். பெப்ரவரிக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டேன். கோப்பை கழுவத் தொடங்கியவன், மரக்கறி வெட்டி, சூப் வைத்து, கடைசிப் பத்து வருடம் ஒரு குசினியையே நடத்திவிட்டேன். கடைசி இரவு எல்லோரும் போன பிறகு என் கத்திகளைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த நாள் காலை ஐந்தரைக்கே கண் விழித்துவிட்டது. போக ஓர் இடமும் இல்லை. அந்தக் காலையைப் பற்றி உனக்குத்தான் எழுதலாம். நீ பள்ளிக்கூடத்தால் ஓய்வு பெற்ற கிழமை எழுதிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். "மணி அடித்தால் இப்பவும் எழும்பிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். என் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிற பத்திரிகைப் படத்தில் இருக்கும் பெண் யார் என்று கேட்டாய். அவர் பெயர் ஃப்ரேனி ஷ்னைடர். இந்தக் கிளாருஸ் மாநிலத்துக்காரி. பனிச்சறுக்கு வீராங்கனை. 1964 நவம்பரில் பிறந்தவர், எங்களைவிட மூன்று வயது இளையவர். அந்தத் தாள் 1988இலிருந்து என்னோடு இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் கவனமாகக் கழற்றி, கவனமாக ஒட்டியிருக்கிறேன்.

1988 பெப்ரவரியில் நான் இங்கே வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. மொழி தெரியாது. குளிர் எலும்புக்குள் போகும். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். கனடாவின் கல்கரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. அங்கே பகல், எங்களுக்கு இரவு. பெப்ரவரி 26, வெள்ளிக்கிழமை, சனம் நிறைந்த இரவு. தலைமைச் சமையல்காரர் ஒரு சின்ன ரீவியைக் குசினிக்குள் கொண்டுவந்து மாவு மூட்டைக்கு மேலே வைத்தார். இரண்டு நாளைக்கு முன்பு இந்தப் பெண் ஜயன்ட் ஸ்லாலத்தில் தங்கம் எடுத்துவிட்டார். முதல் ஓட்டத்தில் முன்னுக்கு நின்ற ஸ்பெயின்காரி பிளாங்கா பெர்னாண்டஸ் ஒச்சோவா இரண்டாவது ஓட்டத்தில் விழுந்துபோக, பின்னாலிருந்து வந்து வென்றவர். அன்றைக்கு ஸ்லாலம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் நின்று பார்ப்பதைக் கண்ட சமையல்காரர், வெட்டுகிற மேசையில் ஒரு பிடி மாவைக் கொட்டி, கையால் சரிவாகத் தடவி, அதில் பற்குச்சிகளை ஒன்றுவிட்டு ஒன்று நட்டார். சிவப்புக் கம்புக்கு ஒரு மிளகாய்த் துண்டு, நீலத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு இரண்டு விரலை ஊன்றி அந்தக் குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறக்கிக் காட்டினார். ஒரு குச்சியை விட்டுவிட்டு இறக்கி, "அவுட்" என்று கையை விரித்தார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி அந்த மாவுதான்.

உனக்கும் அப்படியே சொல்கிறேன். ஸ்லாலம் என்றால் மலைச்சரிவில் நட்ட கம்புகளுக்கிடையே புகுந்து புகுந்து இறங்குவது. ஜயன்ட் ஸ்லாலமும் அதேதான், கம்புகளுக்கிடையே தூரம் மட்டும் கூட. ஒரு கம்பைத் தவறவிட்டாலும் போட்டி முடிந்தது. இரண்டு ஓட்டம், இரண்டு நேரத்தையும் கூட்டி ஆகக் குறைந்தவருக்கு வெற்றி. இரண்டாவது ஓட்டத்துக்குக் கம்புகளை வேறு மாதிரி நட்டுவிடுவார்கள். அந்தப் பாதையில் ஒத்திகை கிடையாது. சரிவின் ஓரமாக மெதுவாக இறங்கி, கண்ணால் பார்த்து மனதில் பதிக்க மட்டும் விடுவார்கள். பிறகு மேலே போய்க் கண்ணை மூடிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொரு வளைவையும் நினைவில் ஓட்டிப் பார்ப்பார்கள். நீ பரீட்சைக்கு முதல் நாள் சூத்திரங்களை விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பாயே, அச்சொட்டாக அதே போல. இன்னொன்று, முதல் ஓட்டத்தில் முன்னுக்கு வந்தவர்கள் இரண்டாவதில் கடைசியாகத்தான் இறங்குவார்கள். மற்றவர்கள் இறங்கி முடித்து, பனி கிழிந்து குழி விழுந்த பாதையில், என்ன நேரம் வேண்டும் என்று தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

அரை நொடியே பெரிய இடைவெளி என்று கணக்கு வைக்கிற விளையாட்டில், அன்றிரவு ஃப்ரேனி இரண்டாவதாக வந்த யூகோஸ்லாவிய வீராங்கனை மதேயா ஸ்வெத்தை 1.68 நொடியால் வென்றார். அடுப்பில் ஏதோ அடிப்பிடித்துப் புகைந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய உடம்புக்காரச் சமையல்காரர் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். முகம் முழுக்க வெள்ளை. "எல்ம்... எல்ம்..." என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். எல்ம் ஃப்ரேனியின் ஊர். சமையல்காரருடைய ஊர்கூட இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கு. இரண்டு நாள் கழித்து அந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்து என் கையில் தந்தார். இந்த நாட்டில் எனக்கு ஒருவர் தந்த முதல் பரிசு அது.

எல்ம் என்பது செர்ன்ஃப் பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமம். ரயிலில் ஷ்வாண்டனுக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறினால் ரோட்டு முடிகிற இடம். ஃப்ரேனியின் தகப்பன் அங்கே சப்பாத்து தைத்தவர். தாயைப் பதின்ம வயதிலேயே புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பொறுப்பையும் தாங்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனவர் ஃப்ரேனி. பனிச்சறுக்கில் உலகக் கோப்பை என்பது ஒவ்வொரு குளிர்காலமும் பல ஊர்களில் நடக்கிற போட்டித் தொடர். அதில் இவருடைய முதல் வெற்றி 1984 டிசெம்பரில், இத்தாலியின் சாந்தா கத்தரினாவில். 1987இல் இந்த நாட்டிலேயே, கிரான்ஸ் மொண்டானாவில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. பத்துத் தங்கத்தில் எட்டைச் சுவிஸ்காரரே எடுத்தார்கள். எரிக்கா ஹெஸ், மரியா வாலிசர், பிர்மின் சுர்பிரிகன் என்று பெரிய பெரிய ஆட்கள் இருந்த அணி அது. அதில் ஜயன்ட் ஸ்லாலம் தங்கம் இவருக்கு.

நீ கணக்கு வாத்தியார் என்பதால் 1988–89 பருவத்தை எண்ணிலேயே சொல்கிறேன். ஒரே பருவத்தில் 14 உலகக் கோப்பை வெற்றி. அந்த வருடம் நடந்த ஸ்லாலம் ஏழு, ஏழையும் இவரே வென்றார். அதுவரை ஆணோ பெண்ணோ ஒரு பருவத்தில் அத்தனை வென்றதில்லை. சுவீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் 13 வென்றிருந்தார். இவருடைய 14ஐத் தாண்ட முப்பது வருடம் பிடித்தது. 2018–19இல் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் 17 வென்றார்.

இங்கே ஃப்ரேனியைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லோரும் அந்த 14ஐத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிது 1994. ஏன் என்று சொல்கிறேன்.

1992 அல்பேர்வில் ஒலிம்பிக்கில் அவருக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. முதுகு வேறு தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்லாலத்தில் ஒவ்வொரு வளைவிலும் முழு உடம்புப் பாரமும் இடுப்பிலும் முதுகிலும்தான் இறங்கும். குசினியில் முப்பது லீட்டர் சட்டி தூக்குகிறவனுக்கு முதுகு நோ என்றால் என்ன என்று தெரியும், மச்சான். பேச்சும் மாறிவிட்டது. ஃப்ரேனியின் காலம் முடிந்துவிட்டது என்று எங்கள் உணவக மேசைகளிலேயே சனம் கதைத்தது என் காதில் விழுந்திருக்கிறது.

இரண்டு வருடத்தில் நோர்வேயின் லில்லஹாமர். ஜயன்ட் ஸ்லாலத்தில் வெண்கலம், வேக இறக்கத்தையும் ஸ்லாலத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிற கூட்டுப் போட்டியில் வெள்ளி. கடைசியாக ஸ்லாலம். முதல் ஓட்டத்தில் ஐந்தாம் இடம். அன்றைக்கு எனக்கு லீவு, வீட்டில் தனியாகப் பார்த்தேன். இரண்டாவது ஓட்டத்தில் அவர் இறங்கியது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. பாய்ச்சல் என்று சொல்ல மாட்டேன். தோளும் தலையும் அசையாமல் நிற்க, முழங்காலுக்குக் கீழே மட்டும் எல்லாம் நடந்தது. கம்புகள் அவர் கையில் பட்டுப் படபடவென்று சாய்ந்தன. கீழே வந்து நின்று நேரப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கு மேலே நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். 0.34 நொடி வித்தியாசத்தில் தங்கம். அல்பைன், அதாவது மலைச்சரிவில் இறங்குகிற பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம் எடுத்த முதல் பெண் அவர்தான். வயது 29. 14 வெற்றி என்பது உடம்பு சொன்னபடி கேட்ட காலத்துக் கணக்கு. இது உடம்பு கேட்காத காலத்தில் செய்தது. அதனால்தான் எனக்கு இது பெரிது.

அடுத்த வருடம், 1995 மார்ச், இத்தாலியின் போர்மியோ. பருவத்தின் கடைசிப் போட்டி. மொத்தப் புள்ளிகளுக்கான பெரிய பளிங்குக் கோப்பைக்கு ஜெர்மனியின் காத்யா சைசிங்கரும் இவரும் கடைசி நாள் வரைக்கும் மல்லுக்கட்டினார்கள். ஃப்ரேனி ஸ்லாலத்தை வென்று, 1248க்கு 1242 என்று ஆறு புள்ளியால் கோப்பையைத் தூக்கினார். ஒரு போட்டியில் நான்காவதாக வந்தால் 50 புள்ளி, ஐந்தாவதாக வந்தால் 45. ஒரு முழுக் குளிர்காலத்தையும் அந்த அளவு வித்தியாசம் தீர்த்தது. அது அவருடைய 55ஆவது உலகக் கோப்பை வெற்றி. அன்றைக்குப் பெண்களில் அவருக்கு மேலே ஒஸ்திரியாவின் அன்னமாரி மோசர்-பிரோல் மட்டும்தான், 62.

அந்த வசந்தத்திலேயே "போதும்" என்று சொல்லிவிட்டார். முப்பது வயது, கையில் மூன்றாவது பெரிய கோப்பை. இங்கே எல்லோரும் திகைத்துப்போனார்கள். இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கலாம் என்று என் சமையல்காரர் கோபப்பட்டார். எனக்கு அப்போதே அது சரியென்று பட்டது, இன்றைக்கும் சரியென்றே படுகிறது. தோற்கிற வரைக்கும் ஓடி, சனம் பரிதாபப்பட்ட பிறகு இறங்குவதைவிட, கால் தன் சொல்லைக் கேட்கிறபோதே கழற்றி வைத்தார். ஊரைவிட்டும் போகவில்லை. எல்மிலேயே குடும்பம், இரண்டு ஆண் பிள்ளைகள், அங்கேயே ஒரு பனிச்சறுக்குப் பள்ளிக்கூடம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மனிசனுக்கு என்ன வேலை என்று நீ கேட்டிருந்தாய் அல்லவா, எனக்கு உடனே அந்தப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது.

நேற்றுக் காலை எல்முக்குப் போனேன். அவரைத் தேடிப் போகவில்லை. அந்த ஊர் மலையில் ஒரு ஓட்டை இருக்கிறது, மார்ட்டின்ஸ்லொக் என்பார்கள். பாறைச் சுவரில் வானம் தெரிகிற பெரிய துளை. மார்ச்சில் இரண்டொரு நாளும், இலையுதிர்காலத்தில் இரண்டொரு நாளும் சூரியன் அந்தத் துளைக்கு நேரே வந்து, ஒரு கற்றை வெளிச்சம் மட்டும் கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தில் விழும். இத்தனை வருடமும் அந்த நேரத்தில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நேற்று ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னதாக, பள்ளத்தாக்கு முழுக்க நீல நிழலாகக் கிடக்க, கோபுரம் மட்டும் பொன்னாக நின்றது. இரண்டு நிமிடம் இருக்கும். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், நானும் கழற்றினேன்.

அப்புறம் சரிவுப் பக்கம் நடந்தேன். நாலைந்து வயதுப் பிள்ளைகள் கோழிக்குஞ்சு மாதிரி வரிசையாக, தலையைவிடப் பெரிய தலைக்கவசத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெட்டை விழுந்தாள். அழவில்லை. எழும்பி, முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, விழுந்த அந்த வளைவுக்கே பக்கவாட்டில் அடி வைத்து ஏறிப்போய், திரும்பவும் இறங்கினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்மர் சிட்ரோ ஒரு போத்தல் வாங்கிக் குடித்தேன். இந்த ஊர்த் தண்ணீரில் செய்கிற எலுமிச்சைச் சோடா அது, நாடு முழுக்க விற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்ம் சிலேட்டு செய்த ஊர், மச்சான். நாங்கள் பாலர் வகுப்பில் வைத்திருந்த மாதிரியே, கருங்கல் தகட்டுக்கு மரச்சட்டம் போட்ட சிலேட்டு. பழைய தொழிற்சாலையை அப்படியே வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுக்காக மலையின் அடியைக் குடைந்துகொண்டே போனதில், 1881 செப்டெம்பர் 11 அன்று மலை இடிந்து விழுந்து நூற்றுக்கு மேற்பட்ட சனம் மாண்டுபோனது. தேவாலயத்துப் பக்கம் போனால் அந்தப் பெயர்களுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் வர முடியாது.

ஒரு சிலேட்டு என்னிடம் இருக்கிறது. அதைத் துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியோடு சேர்த்து அனுப்புகிறேன். உடையாமல் வந்து சேர வேண்டும். வருகிற விஜயதசமிக்குப் பேரனுக்கு ஏடு தொடக்கும்போது, அரிசியில் எழுதி முடித்த பிறகு, இதிலும் ஒரு "அ" எழுத விடு. அவன் கையை நீயே பிடி.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய கூட்டாளி