ஞாயிறு கிளை வெட்டு: ஒரு கவனிப்பு

வணக்கம். ஞாயிறு காலை 7 மணிக்கு நம் தெரு வேப்பமரங்களில் மாடியை உரசும் கிளைகளை வெட்ட ஆள் வருகிறார்கள். அனுமதி வாங்கியாச்சு.

தண்டோடு ஒட்ட வழித்து வெட்ட விடாதீர்கள். கிளை தொடங்கும் இடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல் சற்று வெளியே வெட்ட வேண்டும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது: மரத்தின் காயம் நம் தோல்போல் ஆறுவதில்லை; அழுகல் பரவாதபடி மரம் உள்ளே தடுப்பு எழுப்பி அடைக்கிறது. ஆகவே தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம், அழுகலை அவை தடுக்காது. (பெயின்ட் டப்பாவோடு வருபவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்!)

பெரிய கிளைக்கு முதலில் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு வெட்டு. இல்லையென்றால் பட்டை உரிந்துகொண்டு விழும். வண்டிகளைச் சனி இரவே நகர்த்திவிடுங்கள்.