வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இவ்வாண்டுக் கூட்டங்களை ‘யூத அறமும் அகதிகளும்’ என்ற ஒரே தலைப்பில் நடத்தினோம். வருகை குறையும் என்று பயந்தவர்கள் உண்டு, குறையவில்லை.

முதலில் எடுத்துக்கொண்டது செயின்ட் லூயிஸ் கப்பலை. 1939 மே மாதம் 937 பயணிகளோடு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பியது; பெரும்பாலோர் நாஜிகளிடமிருந்து தப்பியோடிய யூதர்கள். கியூபாவின் ஹவானாவில் 28 பேரை மட்டும் இறங்கவிட்டார்கள். கரையில் இருந்த சொந்தக்காரர்கள் சிறு படகுகளில் வந்து, மேல்தளத்தில் நின்றவர்களைக் கூவிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவும் கைவிரித்தது. மயாமி நகர விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரம் வந்து, ஐரோப்பாவுக்கே திரும்பினார்கள். அவர்களில் 254 பேர் பிறகு நாஜிகளின் இன அழிப்பில் மாண்டார்கள்.

யூதர்களின் வேதமான தோரா பற்றிய கூட்டம் கொஞ்சம் கனமானதுதான். ‘நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள், அந்நியனை ஒடுக்காதீர்கள்’ என்ற கட்டளை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. 36 இடங்களில் என்கிறது யூத குருமார்களின் விளக்க நூலான தால்மூத். 46 என்பாரும் உண்டாம்.

1977இல் இஸ்ரேல் பிரதமரான மெனகெம் பெகின், பதவியேற்ற கையோடு, கடலில் மீட்கப்பட்ட 66 வியட்நாமியருக்கு இடம் கொடுத்தார். அதற்கு அவர் நினைவுபடுத்தியது செயின்ட் லூயிஸ் கப்பலைத்தான். சரி, அதே நாடுதானே 2018இல் தஞ்சம் தேடி வந்த எரித்திரிய, சூடானியரை வெளியேற்றத் திட்டம் போட்டது என்று ஓர் உறுப்பினர் மடக்கினார். நியாயமான கேள்வி. அதை எதிர்த்தவர்களில் யூத குருமார்களும் இன அழிப்பில் உயிர் தப்பிய முதியவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1948இல் இஸ்ரேல் உருவானபோது வீடிழந்த சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனரின் பேச்சு வந்ததும் கூட்டம் சூடாகிவிட்டது. சுண்டல் தீர்ந்தும் விவாதம் தீரவில்லை. பாதுகாப்புக்கு ஒரு நாடு வேண்டும் என்ற யூதர்களின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி அடுத்த அகதியைத் துரத்தினால், எகிப்தை நினை என்ற கட்டளை எதற்கு?

எனக்குப் பிடித்தது ஹையாஸ் அமைப்பைப் பற்றிய கூட்டம். ரஷ்யாவிலிருந்து தப்பிவந்த யூதர்களுக்காக நூறாண்டுக்கும் முன்பு நியூயார்க்கில் தொடங்கியது, இன்று எல்லா மதத்தவருக்கும் உதவுகிறது. முன்பு அகதிகள் யூதர்கள் என்பதால் உதவினோம், இப்போது நாங்கள் யூதர்கள் என்பதால் உதவுகிறோம் என்பார்கள். 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் யூத ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக்கொன்றவனின் ஆத்திரம் இந்த அமைப்பின் மேல்தான். அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை.

கூடத்தை வாடகையின்றித் தந்தவர்களுக்கு நன்றி. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்