அன்று கடற்கரையில் என்னைக் கரை சேர்த்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஞாயிறு மாலை இடுப்பளவு நீரில் நின்றிருந்த என்னைக் கடல் இழுத்துச் சென்றபோது, முன்பின் அறியாத பலர் ஒன்றுசேர்ந்து கரை சேர்த்தீர்கள். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றியை, உங்கள் முகவரி தெரியாத காரணத்தால் இம்மடலில் சொல்கிறேன்.

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். இருபுறமும் அலைகள் நுரைத்து உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் சற்றுக் கருத்து, அமைதியாகக் கிடந்தது. அலை இல்லாத இடமே ஆபத்து இல்லாத இடம் என்று எண்ணி, உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கும் பகுதியைக் காட்டும் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு வெளியே, அங்கே போய் இறங்கினேன். அலைகள் கரையில் கொண்டுவந்து சேர்க்கும் நீர், மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியாகக் கடலுக்குத் திரும்பும் பாதை அது என்பதும், ஆழம் கூடுதலாக இருப்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ரிப் கரண்ட் எனப்படும் அந்த ஓட்டம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் பாயும் என்றால், அதை எதிர்த்து நான் கைகால் அடித்தது எத்தகைய வீண் வேலை!

உயிர்காப்பாளர் ஐயா, மிதவையை என் மார்புக்குக் கீழே செருகியபடி, "தண்ணீர் உங்களை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும், மிதந்தால் போதும்" என்று நீங்கள் பதறாமல் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கரையை நோக்கி நேராக நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் என்னை இழுத்துச் சென்று, அலை உடையும் இடம் வந்த பின்னரே கரைப் பக்கம் திருப்பினீர்கள்.

நீலச் சேலை அணிந்திருந்த அம்மா, உங்களை நான் பார்த்தது சில நொடிகளே. ஆனால் உயிர்காப்பாளர் என்னை வந்தடையும்வரை நீட்டிய கையைத் தாழ்த்தாமல், கண்ணையும் எடுக்காமல், என் தலை தெரிந்த திசையையே காட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று பிறகு கேட்டேன். அலைகளுக்கு நடுவே ஒரு தலையைக் கண்பார்வையிலிருந்து தவறவிட்டால் மீண்டும் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை இப்போது அறிவேன்.

என்னைக் காப்பாற்றப் பாயவிருந்த என் தம்பியை இடுப்போடு கட்டிப்பிடித்து நிறுத்திய இளைஞருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவன் அன்று உங்கள்மேல் கடுங்கோபம் கொண்டான். இன்று அவனே இம்மடலை எழுதச் சொல்லி வற்புறுத்தினான். காப்பாற்றக் குதித்தவர்களே மூழ்கிப்போவது கடலில் அடிக்கடி நேர்கிறது. மூடியிட்ட காலி பிளாஸ்டிக் கேனை என் பக்கம் வீசியதும் நீங்கள்தானாம்.

உப்புநீரை விழுங்கி இருமிக்கொண்டிருந்த என்னை, நன்றாக இருக்கிறேன் என்று நான் சொன்னதைப் பொருட்படுத்தாமல், பல மணி நேரம் கண்காணிப்பில் வைத்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் என் வணக்கம்.

பிறகு வீட்டுக்கே வந்து, ஒரு தொட்டி நீரில் தக்கையை மிதக்கவிட்டு அலையை விளக்கிய இயற்பியல் ஆசிரியருக்கும் கடன்பட்டுள்ளேன். அலை கடந்துபோனது, தக்கையோ ஏறி இறங்கி, ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நின்றது. நடுக்கடலில் பயணம் செய்வது காற்று தந்த ஆற்றலே தவிர நீர் அன்று. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போதுதான் அலை கவிழ்ந்து உடைகிறது என்றார். தென்துருவப் பக்கத்துப் புயல்கள் கிளப்பிய அலைகள் பசிபிக்கைக் கடந்து அலாஸ்காவரை சென்றதை 1963இல் கடலியல் அறிஞர் வால்டர் மங்க் குழுவினர் அளந்தார்கள் என்று அவர் சொன்ன பிறகு, காற்றே இல்லாத நாளிலும் பேரலை வருவது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. நடுங்கிய என் தோளில் யாரோ போர்த்திய பச்சைக் கரைத் துண்டு என்னுடனேயே வந்துவிட்டது. அதைத் துவைத்து உயிர்காப்பாளர் கோபுரத்தில் ஒப்படைத்திருக்கிறேன். உரியவர் அன்புகூர்ந்து பெற்றுக்கொள்ளவும்.

நன்றியுடன்,
அன்று கரை சேர்ந்தவன்