சோப்பு உறையிலும் ஒவ்வாமை எச்சரிக்கை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பகுதிகளில் இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் சமையலறையில் மிகுந்த கவனத்தோடு இருக்கின்றன. அதே கவனம் குளியலறை அலமாரிக்கும் தேவை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. சோப்பில் ஆட்டுப்பாலும், குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெயில் பாதாமும், ஷாம்பூவில் கோதுமைப் புரதமும், சில காயக்கட்டுகளில் இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசானும் சேர்க்கப்படுகின்றன.

வெளிப்பூச்சுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000க்கும் மேற்பட்டோருக்கு, அப்புரதம் தோல், கண் வழியாக உடலில் புகுந்ததால், அதுவரை சாதாரணமாக உண்டுவந்த கோதுமை உணவே ஒவ்வாமல் போனது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்பட்டது. 2011ஆம் ஆண்டு அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகள் பால், முட்டை, மீன், இறால் வகைகள், நிலக்கடலை, சோயா, கோதுமை போன்றவை கலந்திருந்தால் உறையில் அறிவிக்கச் சொல்கின்றன. சோப்பும் ஷாம்பூவும் அவ்விதிகளுக்குள் வரவில்லை. அவற்றின் உறையில் கோதுமை 'ட்ரிட்டிகம் வல்கேர்' என்று பொடி எழுத்தில் இருந்தால், விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்பும் ஒரு தாய் எவ்வாறு அறிவார்?

அழகுசாதனப் பொருள்களுக்கும் இந்த அறிவிப்பைக் கட்டாயமாக்கி, தமிழிலும் தெளிவாக அச்சிட அரசு ஆவன செய்ய வேண்டும். அதுவரை ஆரம்ப சுகாதார நிலையங்களும் அங்கன்வாடிகளும் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மண்டபம்