அல்டாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? இங்கே, நோர்வேயின் வடக்கில், சூரியன் போய் இரண்டு கிழமை. இனி ஜனவரி நடுவில்தான் முகம் காட்டும்.

நோர்வேயைப் போல நீதியான நாடு இல்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு நல்ல நாடுதான் அப்பா. ஆனால் நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் ஒரு சாமி இனப் பாட்டி இருக்கிறார். சாமிகள் இந்த வடக்கின் பூர்வகுடிகள். கலைமான் மேய்த்த குடும்பம். மறதி நோய் முற்றியதும் நோர்வே மொழி அவரை விட்டுப் போய்விட்டது. சிறு வயதுப் பேச்சு மட்டும் மிச்சம். பார்க்க வரும் மகனுக்கு அது விளங்காது. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்.

அந்த மகன்தான் சொன்னார்: ஏழு வயதில் அம்மாவை விடுதிப் பள்ளியில் விட்டார்களாம். சாப்பாடு, உடுப்பு, மருந்து எல்லாம் அரசாங்கம் கொடுத்தது, சொந்த மொழியை மட்டும் வாயில் எடுக்கக்கூடாது. அந்தப் பயத்தில் பிள்ளைகளுக்கும் அதைப் பழக்கவில்லை. நோர்வே மொழி தெரியாதவருக்கு இங்கே அரச காணி விற்கக்கூடாது என்று 1902இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஊரில் அரச வேலைக்காரரிடம் கேட்ட சிங்களச் சோதினையை எழுத மறுத்து அப்பப்பா கந்தோர் வேலையை விட்ட கதை நினைவுக்கு வந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

யூதர்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 1814 அரசியலமைப்பு அவர்களை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. 1851இல்தான் கதவு திறந்தது. 1942 நவம்பர் 26 அன்று நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரருக்காக வீடு வீடாகப் போய்ப் பிடித்தது நோர்வே பொலிஸ். 500க்கு மேற்பட்டவர்களை ஒரே கப்பலில் ஏற்றினார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்தது அவுஷ்விட்ஸ் கொலை முகாம். ஒஸ்லோ துறைமுகத்தில் அவர்கள் நினைவாக வெறும் இரும்பு நாற்காலிகள் நிற்கின்றன. இருக்கப் பலகை இல்லை. பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2012இல்.

சாமிகளிடம் பாராளுமன்றம் 2024 நவம்பரில் மன்னிப்புக் கேட்டது. ஆனால் நடு நோர்வேயின் ஃபூசனில் மேய்ச்சல் நிலத்துக் காற்றாலைகள் அவர்களின் உரிமையை மீறுகின்றன என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லியும், அவை இன்னும் சுற்றுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை அப்பா.

போன கிழமை அந்த மகன் ஒரு சாமி மொழிப் பாடப்புத்தகத்தோடு வந்தார். வயது அறுபதுக்கு மேல். கட்டிலருகே இருந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். பாட்டி இரண்டு தரம் பிழை திருத்தினார்.

அம்மாவுக்கு எண்ணெய் வாங்கக் காசு அனுப்பியிருக்கிறேன்.

அன்பு மகள்