பிசான நடவுக்கு முன் சாய்ந்த கார் நெல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்

அண்ணாச்சிமாரே, வணக்கம். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், பிசானத்துக்கு முந்திய கார் பருவ நெல் மழைக்குச் சாய்ந்து, அறுவடை மெஷின் இறங்க முடியாமல் அறுக்காமல் விட்ட வயல்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தயவுசெய்து தீ வைக்காதீர்கள். நெல் தாளில் (வைக்கோலில்) உள்ள தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடும். அதற்கும் சேர்த்து யூரியா வாங்கப்போவது நாம்தான்.

நேற்று என் வயலில் ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மணியெல்லாம் வெள்ளையாக முளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. மனசு கேட்கவில்லை. இதை அப்படியே மடக்கி உழுது உடனே நட்டால் கொட்டின கார் நெல் பிசானத்தில் கலப்பாக வந்து நிற்கும். அதனால் டிராக்டரில் ரோட்டவேட்டர் ஓட்டி நறுக்கி, லேசாகத் தண்ணீர் கட்டி, கொட்டினதை முளைக்க விடுங்கள். அப்புறம் தொழி அடித்தால் (வயலைச் சேறாக உழுதால்) முளைத்தது மண்ணுக்குள் போகும். தாளுக்குள் இருக்கும் குருத்துப் புழுவும் குறையும்.

முதல் தொழியிலேயே ஏக்கருக்கு 9 கிலோ யூரியா போடுங்கள். தாள் மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், அதை ஈடுகட்டத்தான் இது. நடவுக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். பச்சைத் தாள் அழுகும் வயலில் நட்டால் நாற்று வேர் கறுத்து, பயிர் மஞ்சளாக நிற்கும்.

நாற்றங்கால் போட்டவர்கள் நாளைக் கணக்குப் பார்த்து இன்றே டிராக்டருக்குச் சொல்லிவிடுங்கள். மேல்மடைக்காரர்கள் முதலில் முடித்தால் கீழே தண்ணீர் விட வசதி.