யாறும் பள்ளமும்

அன்பு மகளுக்கு,

இங்கிலாந்தின் வடமேற்கு மலைகளில் நீ நடந்த வழியில், ஓடும் நீருக்குப் 'பெக்' என்றும், அது இறங்கிவரும் பாறை இடுக்குக்குக் 'கில்' என்றும் பலகையில் எழுதியிருந்ததைச் சொல்லி, அவர்கள் ஏன் ரிவர் என்று சொல்வதில்லை என்று கேட்டிருந்தாய். இரண்டுமே 10ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே குடியேறிய, நார்ஸ் என்னும் பழைய ஸ்காண்டிநேவிய மொழி பேசியவர்கள் விட்டுச்சென்ற சொற்கள். 'பெக்' தொடக்கத்திலிருந்தே ஓடையைத்தான் குறித்தது. 'கில்' அப்படியன்று, செங்குத்தான மலையிடுக்குக்கு இருந்த பெயர், நாளடைவில் அதற்குள் ஓடும் நீருக்கும் ஆகிவந்தது. வேல்ஸ் நாட்டு 'நான்ட்' என்னும் சொல்லும் இதே வழியில் வந்ததுதான்: பள்ளத்தாக்கைக் குறித்த அது இன்று ஓடையைக் குறிக்கிறது.

இதைப் படிக்கும்போதே உனக்கு நம் பக்கத்து வரட்டுப்பள்ளமும் குண்டேரிப்பள்ளமும் நினைவுக்கு வந்திருக்கும். மலையிலிருந்து இறங்கும் காட்டோடையைக் கொங்கு நாட்டில் பள்ளம் என்கிறோம். கன்னடத்தில் அதுவே 'ஹள்ள'. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமானதால் பால் 'ஹாலு' ஆனதுபோலப் பள்ளமும் 'ஹள்ள' ஆயிற்று. மலையாளத்துப் 'புழ'வும் கன்னடத்து 'ஹொளெ'யும் ஒரே சொல்லாக இருந்து பிரிந்தவை என்பதும் இந்த மாற்றத்தை அறிந்தவர்க்கே புலப்படும்.

ஒரு சித்திரை மாதத்தில் பள்ளத்து மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டிவிட்டு, கலங்கல் தெளியும்வரை குந்தியிருந்து, ஊறிய நீரை நீ கொட்டாங்குச்சியால் மொண்டாயே, அன்று அங்கே இருந்தது பள்ளம் மட்டும்தான். மலையில் மழை பிடித்தால் ஒரு நாழிகையில் செந்நீர் கரைபுரண்டு வரும். மற்ற நாளெல்லாம் மணலும் உருளைக்கல்லுமே. நீரைவிடக் குழியையே அதிக நாள் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் திருத்திக்கொள்ள வேண்டும், கண்ணு. ஆறு என்றால் வழி, நீர் போகும் வழியே ஆறு என்று உன் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தேன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கப் பாடல்களில் நீர் ஓடுவது 'யாறு', மக்கள் நடக்கும் வழியே 'ஆறு'. ஆற்றுப்படை என்னும் பெயரில் இருப்பது இந்த இரண்டாவது சொல். யானை 'ஆனை' ஆனதுபோல யாறும் முதலெழுத்தை இழந்தபோதுதான் இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கின. தெலுங்கும் இதற்குச் சான்று சொல்கிறது: நம் யானை அங்கே 'ஏனுகு', நம் யாண்டு 'ஏடு', நம் யாறு 'ஏறு'. பள்ளத்துக்குப் பொருந்திய விளக்கத்தை ஆற்றுக்கும் பொருத்திப் பார்க்கும் ஆசையில் இத்தனை ஆண்டுகள் இதைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

நீ பார்த்த கில்லில் கோடையிலும் நீர் ஓடுமா, இல்லை நம் பள்ளம்போல வற்றிவிடுமா என்று அங்கே உள்ளவர்களிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா